அளவோடு அமைத்தவன் அல்லாஹ்

அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலித்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவை நிர்ணயித்த அல்லாஹ்வுக்கே புகழ் அனைத்தும் உரித்தாகுக! அவனது அருளும் சாந்தியும் அண்ணல் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள், அவர்தம் வழி நடக்கும் நல்லோர் அனைவர் மீதும் என்றென்றும் நிலவுக!

கண்ணியமிக்க முஃமின்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பின்னர் உங்களுக்கும் வஸிய்யத் செய்கின்றேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணி. சுமத்ராத் தீவின் வடமேற்குக் கடலடியில் பூமி அதிர்ந்தது. ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்குக் கடலடித் தரை பிளந்து பெயர்ந்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையையும் தமிழகத்தின் கரையையும் வந்தடைந்தது. பதினான்கு நாடுகளில் இரண்டு லட்சத்து இருபத்தைந்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற ஊர்களில் மையித்துகளைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு அடக்கம் செய்வதற்குக்கூட இயலாத நிலை. இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்திலோ ஊர்கள் பல இருந்த இடம் தெரியாமல் அழிந்தன.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. ஆயினும் அந்நாள் எழுப்பிய கேள்வி இன்றும் நம் இல்லங்களில் எழுகின்றது. ஒவ்வொரு புயலின்போதும், ஒவ்வொரு நிலநடுக்கத்தின்போதும் உங்கள் பிள்ளை உங்களிடம் கேட்கும்: "அத்தா! இது தானாக வந்ததா? அல்லாஹ் அனுப்பினானா? அல்லாஹ் ஏன் இப்படிச் செய்தான்?" இந்தக் கேள்விக்கு நாம் கூறும் பதிலில்தான் அப்பிள்ளையின் ஈமானும் அடங்கியிருக்கின்றது, பிறர் துயரத்தை அப்பிள்ளை எப்படிப் பார்க்கப் போகின்றது என்பதும் அடங்கியிருக்கின்றது.

மூன்று விதமான பேச்சுகள்

அந்நாட்களில் மூன்று விதமான பேச்சுகள் எழுந்தன. ஒரு சாரார், "இது இயற்கையின் செயல்; இதில் இறைவனுக்கு என்ன தொடர்பு?" என்றனர். மற்றொரு சாரார், "இது பாவிகள் மீது இறங்கிய அல்லாஹ்வின் வேதனை" என்று உயிரிழந்தோரை நோக்கி விரல் நீட்டினர். மூன்றாம் சாரார் அற்புதம் ஒன்றைத் தேடினர். இலங்கையின் களுத்துறைக் கரையில் அலை பின்வாங்கியபோது செயற்கைக்கோள் எடுத்த படம் ஒன்றில், நுரைக் கோடுகள் 'அல்லாஹ்' எனும் திருநாமமாக அரபியில் அமைந்திருப்பதாகக் கூறி, அப்படத்தை மின்னஞ்சல்கள் வழியாகப் பலருக்கும் அனுப்பினர்.

இம்மூன்றையும் திருமறையின் ஒளியிலும் நபிவழியின் ஒளியிலும் இன்று நாம் ஆராய்வோம்.

இயற்கை என்பது யாது?

அன்பிற்குரியவர்களே! நாம் 'இயற்கை' என்று அழைப்பது எதனை? கல் கீழே விழுகின்றது, நெருப்பு சுடுகின்றது, அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடலேற்றம் மிகுகின்றது. நேற்று எப்படி நடந்ததோ, அப்படியே இன்றும் நடக்கின்றது. இந்த மாறாத ஒழுங்கைத்தான் இயற்கை விதி என்கின்றோம். விதி என்று ஒன்றிருந்தால், விதித்தவன் ஒருவன் இருக்க வேண்டாமா?

எல்லாப் பொருள்களையும் குறிப்பிட்ட அளவின்படியே படைத்ததாக அல்லாஹ் அறிவிக்கின்றான் (54:49). சூரியனும் சந்திரனும் ஒரு கணக்கின்படியே இயங்குவதாகவும், வானத்தை உயர்த்தித் தராசை நிலைநாட்டியதாகவும் ஸூரத்துர் ரஹ்மானில் கூறுகின்றான் (55:5, 7). உங்கள் கண்களுக்குப் புலப்படும் தூண்கள் ஏதுமின்றி வானங்களை உயர்த்தியிருப்பதை ஸூரத்துர் ரஃதின் தொடக்கத்தில் எடுத்துரைக்கின்றான் (13:2). வானங்களும் பூமியும் விலகிவிடாதபடி அவனே பிடித்து வைத்திருக்கின்றான் என்பதையும் நினைவூட்டுகின்றான் (35:41).

ஆகவே, ஈர்ப்பு விசையைப் பற்றி உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வரும்போது, அதனை மார்க்கத்திற்குப் போட்டியான ஒன்றாகக் கருதி அஞ்ச வேண்டாம். ஒரு கட்டடத்தின் அளவுகளை நுணுக்கமாகக் கணக்கிட்டு அறிந்த ஒருவன், "இதைக் கட்டியவர் யாரும் இல்லை" என்று சொல்வானாயின், அவன் கணக்கில் பிழையில்லை. முடிவில்தான் பிழை இருக்கின்றது. அளவுகளை அறிந்தவன் கட்டியவனின் திறமையை மற்றவர்களைவிட நன்றாக உணர வேண்டும்.

ஹுதைபிய்யாவில் ஓர் இரவு மழை பொழிந்தது. மறுநாள் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு ஓர் உண்மையை விளக்கினார்கள். அல்லாஹ்வின் அருளால் மழை பெற்றோம் என்பவர் அவனை நம்பியவர். இன்ன நட்சத்திரத்தால் மழை பெற்றோம் என்பவர் அவனை நிராகரித்து நட்சத்திரத்தை நம்பியவர் என்பதே அதன் கருத்து (புகாரீ, முஸ்லிம்). மேகமும் காற்றும் காரணங்கள். அவற்றைக் காரணங்களாக ஆக்கியவன் அல்லாஹ். அஸ்பாபுகளைக் கண்டு, அவற்றை அமைத்த முஸப்பிபை மறந்துவிடுவதே வழிகேடு. இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு நெருப்பைக் குளிரச் செய்தவன், அதற்குச் சுடும் தன்மையைத் தந்த அதே இறைவன்தான். அந்த வரலாற்றை நம்புகின்ற நாம், அடுப்பில் கைவைக்கத் துணிவதில்லை. ஏன்? அல்லாஹ் நெருப்புக்கு விதித்த வழமையும் அவனது ஆணையே என்பதை நாம் அறிந்திருக்கின்றோம்.

அலையின் கணக்கு

சகோதரர்களே! அந்தப் பேரலையையே எடுத்துக்கொள்வோம். நம் காலடியில் இருக்கும் பூமியின் மேலோடு பல பெரும் தட்டுகளாக அமைந்துள்ளது. சுமத்ராவுக்கு அருகில் ஒரு தட்டு மற்றொன்றின் கீழ் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவே நகர்ந்து செல்கின்றது. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும் இடத்தில் நூற்றாண்டுக் கணக்கில் இறுக்கம் சேர்கின்றது. அது ஒரு நாள் விடுபடும்போது கடலடித் தரை மேலெழுகின்றது. அதன் மேல் நிற்கும் நீர் முழுவதும் எழுகின்றது. எழுந்த நீரைப் பூமியின் ஈர்ப்பு விசை கீழே இழுக்கின்றது. அவ்விழுப்பே அலையாகிப் பரவுகின்றது.

இந்த அலையின் வேகத்தைக் கடலின் ஆழமே தீர்மானிக்கின்றது. நீரின் ஆழம் 4,000 மீட்டராக இருக்குமிடத்தில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். ஆழம் 10 மீட்டராகக் குறையும்போது மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர். நடுக்கடலில் அதன் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. மீன்பிடித்துக் கொண்டிருந்த படகின் கீழ் அது கடந்து சென்றாலும் படகில் இருப்பவருக்குத் தெரியாது. கரையை நெருங்கும்போது முன்னால் செல்லும் நீர் வேகம் குறைய, பின்னால் வரும் நீர் அதன்மீது குவிய, அலை உயர்ந்து எழுகின்றது. சுமத்ராவில் எப்படியோ, நாகூரிலும் அப்படியே, களுத்துறையிலும் அப்படியே. ஒரே கணக்கு. அதில் தவறு இல்லை, பாரபட்சமும் இல்லை.

அல்லாஹ்வின் படைப்பில் எந்த முரண்பாட்டையும் காண மாட்டாய், மீண்டும் மீண்டும் பார், உன் பார்வை களைத்துத் திரும்பும் என்ற கருத்தை ஸூரத்துல் முல்க் நமக்கு முன் வைக்கின்றது (67:3, 4). நுரையில் எழுத்தைத் தேடிய சகோதரர்களுக்கு இதுவே பதில். நுரை சில நொடிகளில் கலைந்துவிடும். அதில் ஒருவர் கண்ணுக்குத் தெரிவது இன்னொருவர் கண்ணுக்குத் தெரியாது. நமது ஈமான் அப்படிப்பட்ட கோடுகளின்மீது நிற்க வேண்டிய தேவை இல்லை. வானங்கள், பூமியின் படைப்பிலும், இரவு பகல் மாறி வருவதிலும், கடலில் செல்லும் கப்பலிலும், காற்றுகளைத் திருப்பிவிடுவதிலும், வானத்துக்கும் பூமிக்கும் இடையே கட்டுப்படுத்தப்பட்டுள்ள மேகத்திலும் சிந்திக்கும் மக்களுக்கு அத்தாட்சிகள் உள்ளன என்று அல்லாஹ் தெளிவாகக் கூறிவிட்டான் (2:164). அந்த அத்தாட்சி என்றும் கலையாது.

அழிக்கும் விசையும் காக்கும் விசையும்

"அப்படியாயின், இத்தகைய விசைகளை அல்லாஹ் ஏன் படைத்தான்?" என்று உள்ளம் கேட்கும். இதற்கும் அறிவு ஒரு வழியைக் காட்டுகின்றது. நீரைக் கரையேற்றிய அதே ஈர்ப்பு விசைதான் நாம் சுவாசிக்கும் காற்றைப் பூமியோடு பிடித்து வைத்திருக்கின்றது. தட்டுகளை நகர்த்தும் அதே பூமியின் உள்வெப்பம்தான் மலைகளை எழுப்புகின்றது. பூமியின் நடுப்பகுதியில் உருகிய இரும்பு சுழல்வதால் காந்தப் புலம் உண்டாகி, சூரியனிலிருந்து பாய்ந்து வரும் துகள்களிலிருந்து நம்மைக் காக்கின்றது. இயங்காத, குளிர்ந்துபோன ஒரு பூமியில் நிலநடுக்கம் குறையலாம். ஆனால் நாம் அறிந்த இந்த வாழ்வும் அங்கே இருக்காது.

இத்துடன் எல்லாம் விளங்கிவிட்டது என்று நாம் கூறவில்லை. பிள்ளையைக் கையிலிருந்து அலைக்குப் பறிகொடுத்த தாயிடம் சென்று காந்தப் புலத்தைப் பற்றிப் பேசுவது அறிவுடைமையன்று. அவளோடு அமர்ந்து அழுவதே அங்கே ஸுன்னத். தம் அருமை மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்களே கண்ணீர் வடித்தார்கள். ஓர் இலை உதிர்வதும் அவன் அறிவுக்கு அப்பாற்பட்டதில்லை (6:59) என்ற நம்பிக்கையே நமக்கு ஆறுதல். விதியை அறிவோம், விதித்தவனின் முழு நோக்கத்தையும் அறிவதாகச் சொல்லமாட்டோம்.

கிரகணம் கற்பித்த பாடம்

அந்த இப்ராஹீம் (ரலி) மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. நபிமகனின் மரணத்திற்காகவே சூரியன் மங்கிவிட்டதாக மக்கள் பேசிக்கொண்டனர். ஒரு பொய்த் தலைவராக இருந்தால், அந்தப் பேச்சை அப்படியே விட்டிருப்பார். அது அவரது மதிப்பை உயர்த்தியிருக்கும். ஆனால் உண்மையாளரான நம் நபி (ஸல்) அவர்கள் உடனே திருத்தினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு. எவருடைய மரணத்திற்காகவும் பிறப்பிற்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று விளக்கி, அத்தகைய நேரத்தில் தொழுது பிரார்த்திக்குமாறு பணித்தார்கள் (புகாரீ, முஸ்லிம்).

சிந்தித்துப் பாருங்கள்! இதில் இரு பாடங்கள் உள்ளன. வானில் நடக்கும் நிகழ்ச்சிக்கு நாம் விரும்பிய மனிதக் காரணத்தைச் சூட்டக் கூடாது. அதே சமயம், "இது வெறும் நிழல்தானே" என்று அலட்சியமாகவும் இருந்துவிடக் கூடாது. கணக்கையும் ஏற்க வேண்டும். ஸுஜூதும் செய்ய வேண்டும்.

உயிரிழந்தோரைத் தூற்றாதீர்!

இப்போது இரண்டாம் சாராரின் பேச்சுக்கு வருவோம். நூஹ் (அலை) அவர்களின் சமூகத்தை வெள்ளத்தாலும், ஆது கூட்டத்தைக் காற்றாலும் அல்லாஹ் அழித்தது உண்மை. அவை தண்டனை என்பதை நாம் எப்படி அறிந்தோம்? அல்லாஹ் வஹீ மூலம் அறிவித்ததால் அறிந்தோம். அங்கே தூதர் முன்கூட்டியே எச்சரித்தார், நம்பியோர் காப்பாற்றப்பட்டனர். நபித்துவம் முற்றுப்பெற்ற பின் நடக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சுட்டி, "இது இன்னாருக்கான தண்டனை" என்று உறுதியாகச் சொல்லும் அதிகாரம் எவருக்கு உண்டு? அந்த அலையில் பால்குடிப் பிள்ளைகள் போயினர். குர்ஆனை மனனம் செய்தோர் போயினர். ஐவேளையும் தொழுதோர் போயினர்.

இவர்களைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அறிவித்தது என்ன? கொள்ளைநோயால் இறந்தவர், வயிற்று நோயால் இறந்தவர், நீரில் மூழ்கி இறந்தவர், இடிபாடுகளில் சிக்கி இறந்தவர், அல்லாஹ்வின் பாதையில் உயிர் நீத்தவர் ஆகியோரை ஷஹீதுகள் என்று எண்ணிக் கூறினார்கள் (புகாரீ, முஸ்லிம்). நீரில் மூழ்கிய முஃமினுக்கு நபி (ஸல்) அவர்கள் தந்த பெயர் ஷஹீத். நாமோ பாவி என்று பெயர் சூட்டுகின்றோம். எவ்வளவு பெரிய துணிச்சல்!

பிற சமயச் சகோதரர்கள் இறந்ததைப் பற்றியும் நம் நாவு எல்லை மீறக் கூடாது. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யூதராயிற்றே எனக் கூறப்பட்டபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்ற கருத்தில் பதிலளித்தார்கள் (புகாரீ, முஸ்லிம்). இந்த உணர்வுதான் 2004இல் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினரை எழுந்து நிற்கச் செய்தது. கடலோர மீனவக் குடும்பங்களுக்கு அவர்கள் தங்குமிடம் தந்தனர். நாள்கணக்கில் உணவு சமைத்துப் பரிமாறினர். எவர் பாவி, எவர் புனிதர் என்று கேட்டுக்கொண்டு அவர்கள் சோறு போடவில்லை.

நமக்கு ஏற்படும் துன்பங்கள் நம் கைகள் சம்பாதித்தவற்றால் என்று திருமறை கூறுவதும் உண்மையே (42:30). அது நான் என்னைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி. அடுத்தவர் வீட்டு மையித்தின் முன் நின்று கேட்பதற்கன்று. மேகம் திரண்டாலும் காற்று வீசினாலும் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும். வீட்டிற்குள் வருவதும் வெளியே செல்வதுமாக இருப்பார்கள். மழை பொழிந்த பின்பே அமைதி அடைவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். பாவமற்ற அந்த உள்ளமே அஞ்சியது. பாவம் நிறைந்த நாமோ, அச்சத்தை அடுத்தவர் தலையில் ஏற்றிவிட்டு நிம்மதியாக உறங்குகின்றோம்.

தவக்குலும் தற்காப்பும்

விதி அல்லாஹ்வின் விதி என்றால், அதை அறிந்து நடப்பதும் அவனுக்குக் கீழ்ப்படிவதே. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து உமர் (ரலி) அவர்கள் ஸர்க் எனுமிடத்திலிருந்து மதீனாவுக்குத் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகின்றீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விளக்கினார்கள் (புகாரீ, முஸ்லிம்). ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததும் இதுவே (திர்மிதீ).

இதற்குக் கண்கண்ட சான்று, நிலநடுக்க மையத்திற்கு மிக அருகில் இருந்த சிமெலுவே தீவு. அத்தீவினர் முஸ்லிம்கள். 1907ஆம் ஆண்டில் அங்கே பேரலை ஒன்று வந்து பலரை அழித்தது. உயிர் தப்பியோர் அந்நிகழ்ச்சியைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தனர். பூமி கடுமையாக அதிர்ந்து, கடல் பின்வாங்கினால், எதையும் பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும்; அதன் பெயர் 'ஸ்மோங்' என்று பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். 2004இல் அலை சில நிமிடங்களில் வந்து சேர்ந்தது. வீடுகள் பல அழிந்தன. ஆனால் சுமார் 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் உயிரிழந்தோர் ஏழு பேர் மட்டுமே. கருவிகள் இல்லை, அறிவிப்பு நிலையம் இல்லை. மூத்தோர் சொல் இருந்தது. அதைக் கேட்டு நடந்த இளையோர் இருந்தனர்.

நமது கரையிலோ இரண்டு மணி நேர அவகாசம் இருந்தும் பயன்படவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கென ஓர் எச்சரிக்கை ஏற்பாடு அன்று இல்லை. கடல் உள்வாங்கியதைக் கண்ட பலர் வேடிக்கை பார்க்க அதனருகே சென்றனர். அந்த அத்தாட்சியை வாசிக்க எவரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. 2007ஆம் ஆண்டில் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே மீண்டும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் பலர் வெளியேறினர். பேரழிவு அலை வரவில்லை. அன்று ஓடியவர்கள் ஈமானில் குறைந்தவர்கள் அல்லர். ஒட்டகத்தைக் கட்டியவர்கள்.

இல்லத்தாருக்கு மூன்று கடமைகள்

எனவே, பெற்றோர்களே! முதலாவதாக, உங்கள் பிள்ளைகளுக்கு அறிவியலையும் திருமறையையும் தனித்தனி அறைகளில் பூட்டி வைக்காதீர்கள். கடலேற்றம் பற்றிப் பாடம் படிக்கும் பிள்ளையைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பௌர்ணமி நிலவைக் காட்டுங்கள். அந்நிலவைக் கணக்கோடு ஓடச் செய்தவனை அங்கேயே நினைவூட்டுங்கள்.

இரண்டாவதாக, கடலோரத்தில் வாழ்வோர் சிமெலுவேயின் பாட்டிமார்களைப் போல் ஆகுங்கள். பூமி அதிர்ந்தால் என்ன செய்வது, கடல் உள்வாங்கினால் எங்கே ஓடுவது, வீட்டிலுள்ள முதியவரை யார் தூக்குவது என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். புயல் எச்சரிக்கையை அலட்சியம் செய்யாதீர்கள். அலையைத் தணிக்கும் மணல்மேடுகளை அள்ளி விற்காதீர்கள். கடலோர மரங்களை வெட்டாதீர்கள். மறுமை நாள் வந்துவிட்டாலும் கையிலுள்ள மரக்கன்றை நட்டுவிடுமாறு கற்பித்த நபியின் உம்மத்தினர் நாம்.

மூன்றாவதாக, பேரிடர் செய்தி கேட்டால் உங்கள் நாவைக் காத்துக்கொள்ளுங்கள். முதலில் இன்னா லில்லாஹ் கூறுங்கள். அடுத்து இஸ்திஃக்ஃபார் செய்யுங்கள். பின்னர் உங்களால் இயன்ற ஒரு பிடி அரிசியையேனும் அனுப்புங்கள். தீர்ப்பை அல்லாஹ்விடம் விட்டுவிடுங்கள்.

உங்கள் பிள்ளை மீண்டும் கேட்டால் இவ்வாறு கூறுங்கள்: "மகனே! அலை தானாக வரவில்லை. அல்லாஹ் வைத்த கணக்கின்படி வந்தது. அந்தக் கணக்கைப் படிக்கும் அறிவையும் அவனே உனக்குத் தந்திருக்கின்றான். படி. படித்து, பிறரை எச்சரி. போனவர்களுக்காக துஆச் செய். இருப்பவர்களுக்கு உதவி செய்."

யா அல்லாஹ்! நீரில் மூழ்கியும் இடிபாடுகளில் சிக்கியும் உன்னிடம் மீண்ட முஃமின்களை ஷஹீதுகளின் கூட்டத்தில் சேர்ப்பாயாக! அவர்களை இழந்து வாடும் உள்ளங்களுக்கு ஆறுதல் அளிப்பாயாக! உன் அத்தாட்சிகளை வாசிக்கும் அறிவையும், உன் முன் பணியும் உள்ளத்தையும் எங்களுக்கும் எங்கள் சந்ததிகளுக்கும் ஒருசேர வழங்குவாயாக! எங்கள் கரைகளையும் எங்கள் ஊர்களையும் உன் பாதுகாப்பில் வைத்துக் காப்பாயாக! ஆமீன். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.